சூளை இல்லை என்று சொன்னவள்

அரக்கு ஒட்டவில்லை.

ஆய்வாளர் மூன்றாவது முறையாகத் தீக்குச்சி கிழித்தார். சிவப்பு அரக்குக் குச்சியை உருக்கி, இரும்புக் கதவின் குறுக்கே கட்டியிருந்த நாடாவின்மேல் சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் அரசாங்க முத்திரை கோணிக்கொண்டு கதவோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விரலிலும் கொஞ்சம் ஒட்டியது. ஊதிக்கொண்டார்.

அது ஒரு கில்னின் கதவு. ஆள் உயரப் பெட்டி, உள்ளே செங்கல் பூச்சு, கேஸில் எரிவது. பீங்கான் விளக்குகளையும் பொம்மைகளையும் உள்ளே அடுக்கிச் சுடுவார்கள். முந்தின நாள் முழுக்க எரிந்திருந்தது. அணைத்த பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் அனல் உள்ளே இருக்கத்தான் செய்யும். பக்கத்தில் நின்றால் புழுக்கமும், வெந்த மண்ணின் வறண்ட வாசனையும் மூக்கில் ஏறும். விருத்தாசலத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். ஆய்வாளர் வேறு மாவட்டத்துக்காரர்.

"சார், உள்ள இன்னும் சூடு தணியல. நாளைக்குக் காலையில வந்து வைங்க. நல்லா ஒட்டிக்கும்" என்றாள் விருத்தாம்பாள். பட்டறை அவளுடையது. அவள் நிஜமாகவே உதவி செய்யத்தான் சொன்னாள்.

"எப்ப சீல் வைக்கணும்னு நீ சொல்லித் தர்றியாம்மா?"

"இல்லீங்க சார். அரக்கு வீணாப் போவுதேன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த காகிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினார். பணி செய்யவிடாமல் இடையூறு செய்தார் என்று. மறுநாள் வந்து பார்த்தார். வழிந்த அரக்கு கதவின் அடியில் காய்ந்து கிடந்தது, நாடா தனியாகத் தொங்கியது. இன்னொரு வரி எழுதினார். முத்திரையைச் சேதப்படுத்தினார் என்று.

இரண்டு நாளும் நான் அங்கே இருந்தேன். சட்டக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டவள். காலை நடை விருத்தாம்பாள் பட்டறை வரைக்கும்தான். அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது என்பதுதான் நான் நடத்திய பாடம். ஆராய்ச்சிப் பட்டமும் அதில்தான். ஒரு அரக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.

என்ன குற்றம்

விருத்தாம்பாளும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நான் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கத்து விவசாயக் குடும்பம், விருத்தாசலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். அவள் வீட்டில் மண்பாண்டம் செய்தார்கள். பிற்பாடு பீங்கானுக்கு வந்துவிட்டார்கள். களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி விளக்கும் பிள்ளையாரும் எடுக்கிறாள். நான்கு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். நால்வரில் மூவருக்கு வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது.

அவள் செய்த குற்றம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு துறை புதிதாக விதிகள் போட்டது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை, எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். மண்ணைச் சுட்டுத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: "தொழிலிடத்தில் சூளை உள்ளதா?"

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, சூளை இருக்குதா?"

"சூளையா? நமக்கு எதுக்குப் பாப்பா சூளை? இல்லன்னு போடு."

எங்கள் ஊரில் சூளை என்றால் வெட்டவெளியில் செங்கல்லை அடுக்கி, விறகு வைத்துக் கொளுத்தி, நாள்கணக்கில் புகையவிடுவது. சேத்தியாத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பட்டறைக்குள் இருப்பது கில்ன். சூளை வேறு, கில்ன் வேறு. வேலைக்கு வருகிற பெண்களைக் கேளுங்கள், களிமண் லாரி ஓட்டுகிறவரைக் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள். யாரும் ஒன்றைச் சொல்லி மற்றதைக் காட்டமாட்டார்கள்.

சட்டத்தைக் கேட்டால் வேறு பதில். விதியின் ஆங்கில மூலத்தில் கில்ன் என்று இருந்தது. தமிழில் அதைச் சூளை என்று போட்டுவிட்டார்கள். ஆகவே விருத்தாம்பாள் சூளை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னவள். உண்மையை மறைத்து அனுமதி பெற்றவள். அனுமதி ரத்து, கில்னுக்குச் சீல்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் "ஆம்" என்று சொல்லியிருந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை. கூடுதலாக ஒரு சான்றிதழ் கேட்டிருப்பார்கள், வாங்கிக் கொடுத்திருப்பாள். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மேசைமேல் வைத்தது

போன வாரம் இந்தப் பத்தியில் சட்டக் கல்லூரி வராண்டாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பழைய சக ஆசிரியர் போன் செய்து, "ரொம்பக் கடுமையா எழுதுறீங்க, நம்ம துறையை நாமே சிரிப்பா சிரிக்கவைக்கலாமா" என்று வருத்தப்பட்டார். அவருக்கு இந்த வாரம் இன்னும் வருத்தம் காத்திருக்கிறது.

சட்டமன்றம் சட்டம் இயற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சட்டத்தை எடுத்துப் பாருங்கள், இருபது பிரிவு இருக்கும். அதில் பாதி, "விதிக்கப்படுகிறவாறு" என்று முடியும். யார் விதிப்பது? அரசாங்கம். அதாவது ஒரு செயலாளர். அதாவது அவருக்குக் கீழே ஒரு பிரிவு அலுவலர், பழைய விதி ஒன்றை நகலெடுத்து ஊர் பெயரையும் பொருள் பெயரையும் மாற்றி வைத்திருப்பார்.

இப்படிப் போட்ட விதிகளை அவையின் மேசைமேல் வைக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஜனநாயகத்தின் காவல் என்று இதைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். மேசைமேல் வைப்பார்கள். மேசையிலிருந்து எடுத்துப் படித்தவர் யாராவது உண்டா என்று தேடியதில் எனக்குத் தெரிந்து ஒருவரும் தட்டுப்படவில்லை. அந்தக் கட்டுரையில் அதை மட்டும் எழுதாமல் விட்டேன். எழுதினால் அச்சில் வராது என்று பயம்.

தமிழ்ப் பிரதியின் கதை இன்னும் கேவலம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் முரண் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். தமிழ்ப் பிரதி ஜனங்கள் படிப்பதற்காக. படித்ததை நம்பி நடந்தால் பொறுப்பு ஜனங்களுடையது.

பாதாம் பால் குடித்த ஐந்து பேர்

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தது இதைத் தள்ளிப்போடத்தான்.

அந்த விதிகளைத் தமிழாக்கிய குழுவில் ஐந்து பேர். ஐந்தில் ஒருத்தி நான்.

ஏசி அறை. நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நடுவில் போண்டா, பிற்பகல் பாதாம் பால். பிரிவு அலுவலர் கொண்டுவந்த முதல் வரைவில் "கில்ன், சூளை" என்று இரண்டு சொல்லும் இருந்தன. பாவம், அவர் தஞ்சாவூர்க்காரர், ஆனாலும் யாரையோ விசாரித்து எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தமிழ்ப்பற்று வந்துவிட்டது.

"சூளை என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கிறது. கில்ன் எதற்கு? நம் விதியைப் படிக்கிற ஒருவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?" என்றேன்.

தலைவர் தலையாட்டினார். பக்கத்திலிருந்த தமிழறிஞர், "அம்மையார் சொல்வது சாலச் சரி" என்றார். எனக்குக் கழுத்து நிமிர்ந்தது. பிரிவு அலுவலர் மட்டும், "மேடம், உங்க விருத்தாசலத்துல கூட ரெண்டும் வேற வேறன்னு சொன்னாங்களே" என்று இழுத்தார்.

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். "அது பேச்சுவழக்குங்க. சட்டத்துல அதெல்லாம் பார்க்க முடியுமா?"

சிவப்பு மையால் கில்னை அடித்தது என் கை. எனக்குத் தெரியாமல் அடிக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் பட்டறையில் எத்தனையோ தடவை அந்தக் கதவருகே நின்று பேசியிருக்கிறேன். தெரிந்தேதான் அடித்தேன், நான்கு பேர் முன்னால் கெட்டிக்காரியாகத் தெரிவதற்காக. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீல் வைத்த இரண்டாம் நாளே இதை விருத்தாம்பாளிடம் சொன்னேன். அச்சு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீயா போட்ட?"

"நான்தான்."

"ஒனக்குச் சூளைன்னா என்னான்னு தெரியாதாடி?"

"தெரியும்."

"அப்பறம் என்னாடி?" என்றாள். டீ வந்தது, எப்போதும்போல எனக்குச் சர்க்கரை குறைவாக.

எழுதியவரைக் கேட்கக்கூடாது

வழக்கறிஞர் முருகவேல் என்னுடைய மாணவன். கெட்டிக்காரன். அவனிடம் கூட்டிக்கொண்டு போனேன். விருத்தாம்பாளுக்கு முன்னாலேயே சொன்னேன்: "நான் பிரமாணப் பத்திரம் தர்றேன். அந்தச் சொல்லைப் போட்டது நான்தான், அது தப்பு, ஊரில் அதற்குப் பொருள் வேறன்னு எழுதித் தர்றேன்."

முருகவேல் சங்கடத்தோடு பேனாவை உருட்டினான்.

"மேடம், அது நிக்காதுங்களே."

"ஏன்?"

"நீங்கதானே மேடம் கிளாஸ்ல நடத்துனீங்க. சட்டத்துக்கு என்ன பொருள்னு கோர்ட்டு சொல்லும். எழுதுன ஆளு வந்து, நான் இப்படி நெனச்சு எழுதுனேன்னு சொன்னா அதை எடுத்துக்க மாட்டாங்க. பரீட்சையில கேள்வியே கேட்டீங்க. நான் பதினஞ்சுக்குப் பதினாலு வாங்குனேன்."

ஆமாம். நடத்தினேன். ரசித்து ரசித்து நடத்தினேன். எழுதியவரின் மனம் காற்றில் போய்விட்டது, சொல் மட்டும்தான் நிற்கிறது என்று மேடையில் நடிப்பவர்போலக் கையை விரித்துக் காட்டுவேன். பையன்கள் குறிப்பெடுப்பார்கள். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று உலகத்தில் எவரிடமும் விசாரிக்கலாம், அதை அங்கே கொண்டுவந்து வைத்தவளிடம் மட்டும் விசாரிக்கக்கூடாது. இதை ஒரு மகத்தான தத்துவம் என்று நான் நம்பியிருக்கிறேன்.

"அப்ப ஊர்ல என்னா சொல்லுவாங்கன்னு நாலு பேரு வந்து சொன்னா?" என்று கேட்டாள் விருத்தாம்பாள்.

"சொல்லலாம்மா. எதிர்த்தரப்பு ஆங்கிலத்தைக் காட்டும். வாதாடலாம். வருஷக்கணக்குல போவும். அதுவரைக்கும் சீலு அப்படியேதான் இருக்கும்."

"கார்த்திகைக்கு வெளக்குப் போடணும் தம்பி. நாலு பொம்பளைங்க கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காளுவோ."

முருகவேல் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னான்.

தெரியாது என்று எழுதிக் கொடு

வழி சுலபமானது. மனுதாரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இ-சேவை மையத்தில் என்ன கேட்டார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை. அறியாமல் நடந்த பிழை, கருணை காட்ட வேண்டும். இவ்வளவுதான்.

"இப்படிப் போட்டா ஒரே ஹியரிங்ல முடிஞ்சிடும்மா. அரசாங்க வக்கீலும் பெருசா எதுக்க மாட்டாரு. எனக்கே நாலஞ்சு கேஸு இப்படி முடிஞ்சிருக்கு."

விருத்தாம்பாள் எழுந்துவிட்டாள். "எனக்குத் தமிழு தெரியாதுன்னு எழுதித் தரச் சொல்றீங்களா?"

"தமிழ் தெரியாதுன்னு இல்லம்மா. படிக்கத் தெரியாதுன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. போயிட்டு வரேன்."

முருகவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண் அவள். நான் இரண்டாவது. எட்டாவதிலிருந்து மூன்று வருஷமும் நான் இரண்டாவதுதான். தமிழாசிரியை விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, அவளுடையதை மட்டும் வகுப்பில் படித்துக்காட்டுவார். பத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். என்னை மேலே படிக்க வைத்தார்கள். இரண்டாவதாக வந்தவள் குழுவில் உட்கார்ந்து சொல் தேர்ந்தெடுத்தாள். முதலாவதாக வந்தவள் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டதற்காகக் கில்னைப் பறிகொடுத்தாள்.

ஒரு மாதம் போல அவள் அசையவில்லை. வெளிக் கதவு திறந்திருக்கும், உள்ளே வேலை இல்லை. வார்த்து வைத்த பச்சை மண் விளக்குகள் பலகைமேல் காய்ந்து வெளுத்துப்போய்க் கிடந்தன. சுடாத விளக்கு, கைதவறினால் மறுபடி மண்தான். நான்கு பெண்களும் நாள் தவறாமல் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். பிறகு மூன்று பேர் வந்தார்கள். நான்காவது பெண் வேப்பூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள் என்று தெரிந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் நான் போனபோது விருத்தாம்பாள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தத் தம்பிகிட்ட எழுதச் சொல்லுடி. எனக்குத் தெரியாதுன்னே எழுதிக்கட்டும். அவளுவோ என்னா பாவம் பண்ணாளுவோ?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு வழி பார்க்கலாம், நானே பத்திரிகையில் எழுதுகிறேன், ஊர் சிரிக்கட்டும், துறை திருத்தட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெயர் கெட்டுவிடும் என்று தயங்கினேன். அப்பாடா என்றுகூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அது அப்படித்தான் இருந்தது.

பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசியில் ஒரு வழக்கமான வரி: மேற்கண்டவை மனுதாரருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, அவர் புரிந்துகொண்டதாகத் தெரிவித்தார். முருகவேல் படித்துக் காட்டத் தொண்டையைச் செருமினான்.

"குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இரண்டு இடத்தில் என்னிடம் அர்த்தம் கேட்டாள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. மூன்று பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

போர்டைப் பார்க்காதீங்கம்மா

உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த நாளில் நாங்கள் இருவரும் போயிருந்தோம். வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவள்தான், "என்னா சொல்றாங்கன்னு காதால கேக்கணும்" என்றாள்.

கோர்ட்டு வராண்டாவில் எண் ஓடுகிற திரை இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் கண்ணை ஓட்டிவிட்டு, "நம்பளுது நாப்பத்தேழு. இப்பத்தான் இருபத்தெட்டு ஓடுது. ஒக்காருடி" என்றாள் சத்தமாக.

முருகவேல் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தான். "அம்மா, தயவுசெஞ்சு போர்டைப் பார்க்காதீங்கம்மா. அரசு வக்கீல் அங்கதான் நிக்கிறாரு. கொஞ்சம் கீழ பாத்துக்கிட்டு உக்காருங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் எச்சில் துப்பாதீர்கள், அமைதி காக்கவும், செல்போனை அணைக்கவும் என்று சுற்றிலும் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். எதன் பக்கமும் அவள் திரும்பவில்லை.

நாற்பத்தேழு சில நிமிஷத்தில் முடிந்தது. முருகவேல் நான்கு வாக்கியம் பேசினான். அரசு வக்கீல் ஒரு வாக்கியம் பேசினார். நீதிபதி நல்லவர் என்று பெயர் எடுத்தவர். பாவப்பட்ட பெண்மணி, தெரியாமல் செய்திருக்கிறார், வாழ்வாதாரம் என்று அவராகவே எடுத்துச் சொல்லி, அனுமதியைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாவப்பட்ட பெண்மணியை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சூளை என்ற சொல்லை அன்று முழுவதும் அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. அரக்கைப் பற்றியும் பேச்சே எழவில்லை.

நிஜத்தைச் சொன்னபோது மறைத்தவள் என்றார்கள். பொய்யை எழுதிக் கொடுத்ததும் நம்பிக்கொண்டார்கள். இதைச் சட்ட ஆய்விதழ் ஒன்று "மனிதநேய அணுகுமுறை" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டது. அதற்கு ஒரு விளக்கவுரை எழுதித் தரும்படி எனக்கே கடிதம் வந்தது. கிழித்துப் போட்டேன். என் வாழ்க்கையில் சட்ட இலக்கியத்துக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

திரும்பும்போது நேர் பஸ் கிடைக்கவில்லை. திருச்சி பஸ்ஸில் ஏறி வேப்பூரில் இறங்கினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்ததும் விருத்தாம்பாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த பலகையை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"இட்லி. பொங்கல். ஊத்தாப்பம். பரோட்டா. கைகழுவும் இடம். வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." வெளியே போன லாரியின் முதுகைப் பார்த்து அதையும் படித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சர்வர் வந்து, "என்னாம்மா சாப்புடறீங்க?" என்று கேட்டார்.

"இருங்க, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிபந்தனை

உத்தரவு எழுத்தில் வந்தபோது அதில் ஒரு நிபந்தனை இருந்தது. உத்தரவின் தமிழ் நகலைப் பட்டறை வாசலில் எல்லாரும் பார்க்கும்படி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். வருகிற அதிகாரிகள் மறுபடி தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக, நல்லெண்ணத்தோடு போட்ட நிபந்தனைதான். நல்லெண்ணத்துக்கு இந்த நாட்டில் எப்போதுமே குறைவில்லை.

அதே ஆய்வாளர் வந்து சீலை எடுத்தார். எடுப்பதற்கு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை, நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார். போகும்போது, "நகலை மாட்டிடும்மா, இல்லன்னா அதுக்கு வேற எழுத வேண்டிவரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் போனேன். கில்ன் எரிந்துகொண்டிருந்தது. நான்காவது பெண்ணும் ஓட்டல் வேலையை விட்டுத் திரும்பி வந்து விளக்குகளுக்கு ஓரம் சீவிக்கொண்டிருந்தாள். வாசல் தூணில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தமிழ் நகல் தொங்கியது. விருத்தாம்பாளின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறகு அந்த வரி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அந்தத் தெருவில் போகிற எவரும் நின்று படித்துக்கொள்ளலாம். களிமண் லாரிக்காரர் படித்துவிட்டார். வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் படித்துவிட்டார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். "மனுதாரர் எழுதப் படிக்க தெரியாத கிராமப்புறப் பெண் என்பதைக் கருத்தில் கொண்டு" என்று அச்சாகியிருந்தது. "படிக்க"வுக்கும் "தெரியாத"வுக்கும் நடுவில், வரிக்கு மேலே, ஒரு சின்னக் கூம்பு போட்டு, சிவப்பு பால்பாயிண்ட் பேனாவால் ஒரு "த்" சேர்த்திருந்தது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளில் பார்த்த அதே உருண்டைக் கையெழுத்து. கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன்னாலேயே திருத்திவிட்டு, அப்புறம்தான் உள்ளே வைத்திருக்கிறாள்.

நீதிமன்ற உத்தரவின் நகலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் குற்றம். எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். படிக்கத் தெரியாது என்று பிரமாணம் செய்தவள் ஒற்றுப்பிழையைத் திருத்தி வாசலில் மாட்டியிருக்கிறாள் என்பதை எவராவது கவனித்தால் வழக்கே திரும்பிவிடும். பதறிப்போய் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

களிமண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நகலை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், வேறு எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று.

"பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுதுடி. என் வாசல்ல பிழையா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.